பால் கொடுக்கும் வரை பயமில்லையா?

மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி சங்கத்தில் கேட்டபோது, சர்க்கரை நோய் பற்றியோ சத்துணவு பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். தில்லியில் மகப்பேறு வார்டுகளில் செவிலியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். எழுத நினைத்த பொருளைச் சொன்னதும் மலர்க்குழுவில் ஒரு நிமிடம் பேச்சில்லை. "குடும்பத்தோட எல்லாரும் படிக்கிற மலராச்சே" என்று தயங்கினார் ஒருவர். குடும்பத்தோடு படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

எழுதத் தூண்டியது ஒரு வாக்கியம். "பால் கொடுக்கற வரைக்கும் ஒண்ணும் பயமில்லைடி" என்று ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் மகளுக்குச் சொல்லும் வாக்கியம். மாமியார் சொல்வதும் இதுவே, பக்கத்து வீட்டு அக்கா சொல்வதும் இதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதித் தமிழ்ப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள். குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். ஆபரேஷனில் பிறந்த குழந்தை. "வயிறு ஒரு மாதிரி உப்புசமாவே இருக்கு ஆன்ட்டி, சூடா இருக்குமோ?" என்று கேட்டாள். தொட்டுப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டரிடம் அனுப்பினேன். நான்காவது மாதம் என்றார்கள். "இன்னும் ஒரு தடவைகூட தலைக்குக் குளிக்கலையே ஆன்ட்டி, எப்படி?" என்று அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

கர்ப்பமானவளை நம் ஊரில் 'முழுகாமல் இருக்கிறாள்' என்று சொல்வோம். மாதா மாதம் வருகிற தலைமுழுக்கு நின்றுபோவதுதான் கருவுற்றதற்கு அடையாளம் என்ற அனுபவம் அந்தச் சொல்லில் இருக்கிறது. பிள்ளை பெற்றுப் பால் கொடுக்கிறவளோ ஏற்கனவே முழுகாமல்தான் இருக்கிறாள். நின்றுபோவதற்கு ஒன்றும் இல்லாதபோது அந்த அடையாளமும் இல்லை. அந்தப் பெண் நான்கு மாதம் அறியாமல் இருந்தது அவள் அறிவீனம் அல்ல.

அப்படியானால் அம்மாக்கள் சொல்வது பொய்யா? இல்லை, மெய்தான். ஆனால் பாதி மெய். மறுபாதியைச் சொல்லாமல் விடுவதால்தான் ஆபத்து வருகிறது. வார்டில் நானே எத்தனையோ தாய்மார்களிடம் "பால் கொடுக்கிறீங்கல்ல, இப்போதைக்குக் கவலை வேண்டாம்" என்று மட்டும் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். 'இப்போதைக்கு' என்றால் எதுவரை என்று சொன்னதில்லை. அந்தக் கடனை இங்கே தீர்க்கப் பார்க்கிறேன்.

குழந்தை சப்பும்போது என்ன நடக்கிறது?

குழந்தை மார்பில் வாய் வைத்துச் சப்பும்போது அந்த உணர்வு நரம்பு வழியாக மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதிக்குப் போகிறது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுகிறது. அதோடு இன்னொன்றும் நடக்கிறது. சினைப்பையைத் தூண்டுவதற்காக ஹைப்போதலாமஸ் விட்டு விட்டு அனுப்பும் சமிக்ஞைகளின் ஒழுங்கு குலைகிறது. அதனால் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வர வேண்டிய ஹார்மோன் போதிய அளவு வருவதில்லை. முட்டை முதிர்ந்து வெளிவருவதில்லை. முட்டை இல்லாவிட்டால் கருவும் இல்லை, மாதவிலக்கும் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, இது பாலின் அளவைப் பொறுத்ததல்ல, சப்பும் தடவையைப் பொறுத்தது. மார்பில் பால் நிறைய இருக்கிறது, அதனால் பயமில்லை என்று நினைப்பது தவறு. இரவும் பகலும் அடிக்கடி சப்பினால்தான் அந்தத் தடை நிற்கும். இடைவெளி நீண்டால் மூளை மறுபடி பழைய வேலையைத் தொடங்கிவிடும்.

ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்த குங் இன மக்களிடையே கானர், வொர்த்மன் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 1980-இல் வெளிவந்தது. அங்கே தாய் குழந்தையை உடம்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டே திரிவாள். குழந்தை ஒரு மணி நேரத்துக்குள் பல முறை, ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடம், பால் குடிக்கும். கருத்தடைச் சாதனம் எதுவும் இல்லாமலே இரண்டு பிரசவங்களுக்கு இடையில் சராசரியாக 44 மாதம் இருந்தது.

நம் பாட்டிமார்களில் சிலருக்கு மூன்று மூன்று வருட இடைவெளியில் பிள்ளைகள் பிறந்ததற்கும் இது ஒரு காரணமாக இருந்திருக்கும். குழந்தை பக்கத்திலேயே படுத்திருக்கும். அழுவதற்கு முன்பே வாயில் பால் இருக்கும். பாட்டிக்குப் பலித்தது நமக்கும் பலிக்க வேண்டுமானால், பாட்டி கொடுத்த மாதிரி கொடுத்தாக வேண்டும்.

மூன்றும் சேர்ந்திருந்தால்தான்

1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோ என்ற ஊரில் இத்துறை விஞ்ஞானிகள் கூடி, அதுவரை பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். மூன்று நிபந்தனைகளும் ஒரே சமயத்தில் பொருந்தியிருந்தால், பாலூட்டுவதே 98 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாப்புத் தரும் என்பது அந்த முடிவு. இதைப் பாலூட்டல் வழிக் கருத்தடை என்று சொல்லலாம். மருத்துவர்கள் சுருக்கமாக 'லாம்' என்பார்கள். சுகப்பிரசவமோ ஆபரேஷனோ, இரண்டுக்கும் இது பொது.

முதல் நிபந்தனை: பிரசவத்துக்குப் பின் மாதவிலக்கு இன்னும் திரும்பி வந்திருக்கக் கூடாது. முதல் இரண்டு மாதத்துக்குள் வரும் பிரசவக் கசிவு கணக்கில் சேராது. அதற்குப் பிறகு தொடர்ந்து இரண்டு நாள் உதிரம் பட்டால் அது மாதவிலக்கு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். "கொஞ்சமாத்தானே பட்டது" என்று தள்ளிவிடக் கூடாது.

இரண்டாவது: குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே, அல்லது ஏறக்குறைய தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் கொடுக்க வேண்டும். பகலில் 4 மணி நேரத்துக்கு மேலும், இரவில் 6 மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழக் கூடாது. இரவுப் பால் அவசியம். புட்டிப்பால் வந்துவிட்டாலோ, கஞ்சி, பழம், பிஸ்கட் தொடங்கிவிட்டாலோ இந்த நிபந்தனை போயிற்று.

மூன்றாவது: குழந்தைக்கு 6 மாதம் முடிந்திருக்கக் கூடாது. ஆறு மாதத்தில் இணை உணவு தொடங்க வேண்டியது குழந்தையின் வளர்ச்சிக்கு அவசியம். இணை உணவு வந்தால் சப்புவது குறையும். வேறொரு காரணமும் உண்டு. முட்டை வெளியாகி ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிலக்கு வரும். ஆறு மாதத்துக்குப் பிறகு, முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே முதல் முட்டை வந்துவிடும் வாய்ப்பு கூடுகிறது. அந்த முட்டையே கருவாகிவிட்டால் மாதவிலக்கு வரவே வராது. என் வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு நடந்தது இதுதான்.

இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் மீதி இரண்டும் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. பாலூட்டுவதையே தொடங்காத தாய்க்கு, பிரசவமாகி நான்கு வாரத்திலேயே மறுபடி கருத்தரிக்கும் நிலை வரலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊரிலிருந்து திரும்பும் மாதம்

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தலைப்பிரசவம் தாய் வீட்டில். மூன்று மாதமோ ஐந்து மாதமோ அங்கே ஓய்வு. சமையலுக்கும் துணி துவைக்கவும் ஆள் இருக்கும். குழந்தையும் தாயும் ஒரே பாயில். அதுவரை மூன்று நிபந்தனைகளும் தாமாகவே நிறைவேறுகின்றன. கணவர் தில்லியில் இருப்பதால் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

பிறகு ஒரு நாள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறித் திரும்பி வருகிறோம். ரயிலில் வெட்கப்பட்டுக்கொண்டு புட்டிப்பால் கொடுக்கத் தொடங்குவது உண்டு. இங்கே வந்தால் வீட்டு வேலை எல்லாம் தனியாளாகப் பார்க்க வேண்டும். குளிர்காலமானால் குழந்தை நீண்ட நேரம் தூங்கட்டும் என்று இரவில் ஒரு புட்டிப்பால். கணவன் மனைவி சேர்ந்து வாழத் தொடங்குவதும் நிபந்தனைகள் உடையத் தொடங்குவதும் ஒரே மாதத்தில் நடக்கின்றன. தொலைபேசியில் பேசும் அம்மாவுக்கு இந்த மாற்றங்கள் தெரியாது. அவர் மனத்தில் இருப்பது, தன் கண் முன்னால் பார்த்த பழைய நிலைமை. அதை வைத்துத்தான் "பயமில்லைடி" என்கிறார்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு இன்னும் ஒரு கணக்கு. மத்திய அரசு ஊழியர்களுக்கு 2008 முதல் 180 நாள் பேறுகால விடுப்பு. மற்ற நிறுவனங்களில் 2017 சட்டத் திருத்தத்துக்குப் பின், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். ஏறக்குறைய ஆறு மாதம் என்றாலும், பிரசவத்துக்கு முன்பே ஒரு பகுதியை எடுத்துவிட்டால் குழந்தைக்கு நாலரை, ஐந்து மாதத்திலேயே ஆபீஸ் போக வேண்டியிருக்கும். பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம். அது குழந்தைக்கு மிக நல்லது. ஆனால் கையாலோ பம்ப் வைத்தோ எடுப்பது, குழந்தை சப்புவதற்கு ஈடாகாது. சிலி நாட்டில் இப்படிப் பால் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போன தாய்மார்களிடையே நடந்த ஆய்வில், ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் கருத்தரித்தது தெரியவந்தது.

வழக்கங்களையும் பார்க்க வேண்டும். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், வெயில் காலத்தில் "நாக்கு வறளுமே" என்று வெந்நீர். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவது 64 விழுக்காடு. மூன்றில் ஒரு குழந்தைக்கு மேல் வேறு ஏதோ ஒன்று வாயில் போகிறது. தில்லியின் மே மாத வெயிலிலும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. பாலிலேயே போதிய நீர் இருக்கிறது.

லோதி காலனியின் மணிமாலை

மருந்தும் சாதனமும் வேண்டாம், இயற்கை வழி வேறு ஏதாவது உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு அது மத நம்பிக்கை, சிலருக்கு மாத்திரை பயம். அவர்களுக்காக இதையும் சொல்கிறேன்.

நம்மவர்கள் பலர் குடியிருந்த தில்லி லோதி காலனிக்கு இதில் ஒரு சரித்திரம் உண்டு. 1951-இல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌரின் காலத்தில் உலக சுகாதார நிறுவனம் டாக்டர் ஆபிரகாம் ஸ்டோன் என்பவரை இந்தியாவுக்கு அனுப்பியது. நாள் கணக்குப் பார்க்கும் முறையைக் கற்பித்துப் பார்க்கும் முயற்சி லோதி காலனியிலும், அன்றைய மைசூர் ராஜ்யத்தின் ராமநகரத்திலும் நடந்தது. எண்ணத் தெரியாதவர்களுக்காக நிற மணிகள் கோத்த மாலை கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு மணி. பச்சை மணி பயமில்லாத நாள், சிவப்பு மணி விலகியிருக்க வேண்டிய நாள். மணிகளை அவசரமாகத் தள்ளிவிட்டால் பச்சைக்குப் போய்விடலாம் என்று சிலர் தள்ளியதாக ஒரு கதையும் சொல்வார்கள். முயற்சி வெற்றி பெறவில்லை.

மாதவிலக்கு ஒழுங்காக வருகிறவர்களுக்கே நாள் கணக்கு கடினம். பால் கொடுக்கிறவளுக்கு முதல் மணியை எந்த நாளில் தொடங்குவது? அதனால் மாதவிலக்கு திரும்பி, குறைந்தது மூன்று சுழற்சியாவது வந்து, ஒழுங்குபட்ட பிறகுதான் இந்த முறையை நினைக்கலாம்.

காலையில் எழுந்ததும் உடல் வெப்பம் பார்க்கும் முறை ஒன்று உண்டு. முட்டை வந்த பிறகு வெப்பம் சற்று உயரும். ஆனால் இரவில் மூன்று தடவை எழுந்து பால் கொடுப்பவளுக்குக் காலை வெப்ப அளவு நம்பும்படி இருக்காது. மேலும் வெப்பம் உயர்வது முட்டை வந்த பிறகுதான், முன்கூட்டி எச்சரிக்காது.

மூன்றாவது, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் பில்லிங்ஸ், ஈவ்லின் பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதியர் வகுத்த முறை. கருப்பை வாயிலிருந்து வரும் கசிவைக் கவனிப்பது. முட்டை வரும் காலத்தில் அது முட்டை வெள்ளைக்கரு போல வழவழப்பாக, இழுத்தால் நூல் போல நீளும். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வில் பெங்களூரும் ஒரு மையம். படிப்பறிவு இல்லாத பெண்களில்கூடப் பெரும்பாலோர் இந்த அடையாளத்தைக் கண்டுகொள்ள முடிந்தது. அவர்கள் மாதவிலக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த பெண்கள் என்பதை மறக்கக் கூடாது. பால் கொடுக்கும் தாய் முதலில் இரண்டு வாரமாவது தினமும் கவனித்து, தன் வழக்கமான நிலை எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பலருக்கு வறட்சியே வழக்கமான நிலை. அதில் ஏதேனும் மாற்றம், ஈரமோ வழவழப்போ, உதிரமோ கண்டால் அது நிற்கும் வரையும், நின்ற பிறகு மூன்று நாளும் விலகியிருக்க வேண்டும். பயிற்சி பெற்றவரிடம் நேரில் கற்க வேண்டிய முறை இது. கணவரின் ஒத்துழைப்பு இல்லாவிட்டால் தொடங்கவே வேண்டாம்.

அடுத்த படியை முன்கூட்டியே

மூன்று நிபந்தனைகளில் ஒன்று உடையும் நாளன்று, அடுத்த முறை கையில் தயாராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு யோசிக்கலாம் என்றால் காலம் கடந்துவிடும். ஊரிலிருந்து டிக்கெட் போடும்போதே கணவனும் மனைவியும் பேசி முடிவெடுங்கள்.

பால் கொடுக்கும்போது பயன்படுத்தக் கூடியவை பல இருக்கின்றன. ஆணுறையால் பாலுக்கு ஒன்றும் ஆகாது. காப்பர்-டி பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளோ, நான்கு வாரத்துக்குப் பிறகோ வைத்துக்கொள்ளலாம். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த சென்குரோமான் மாத்திரை, 'சஹேலி' என்றும் அரசு மையங்களில் 'சாயா' என்றும் கிடைப்பது, ஹார்மோன் இல்லாதது. தாய்ப்பாலையும் பாதிக்காது. பொதுவாக விற்கும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகளைக் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரை தவிர்க்க வேண்டும். அவை பாலைக் குறைக்கக்கூடும். அக்கா சாப்பிட்ட மாத்திரை என்று கடையில் கேட்டு வாங்காதீர்கள். எது பொருந்தும் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

ஆறு மாதம் தாண்டி, மாதவிலக்கும் வராமல், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருந்திருந்தால், மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டையில் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. நான்கு மாதம் கழித்துத் தெரிவதைவிட நான்கு வாரத்தில் தெரிவது மேல்.

சவலை

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று கேட்கலாம். நம் மொழியில் 'சவலைப் பிள்ளை' என்ற சொல் உண்டு. கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் மறுபடி உண்டாகி, பால் மறுக்கப்பட்டு, மெலிந்து ஏங்கும் பிள்ளை. கானா நாட்டில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1935-இல் ஒரு ஊட்டக் குறைவு நோய்க்கு 'குவாஷியார்கர்' என்று உள்ளூர் மக்களின் கா மொழிச் சொல்லையே பெயராக வைத்தார். அடுத்த குழந்தை வந்ததும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். எங்கோ இருக்கும் மக்களும் நாமும் ஒன்றையே கண்டு, ஒன்றுக்கே பெயர் வைத்திருக்கிறோம்.

ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாதம் இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2005-இல் கூட்டிய நிபுணர்களின் பரிந்துரை. தாயின் இரத்தம் ஊறவும், ஆபரேஷன் தழும்பு ஆறவும் அந்தக் காலம் தேவை.

மீறி உண்டாகிவிட்டால் பதற வேண்டாம். தாயின் பால் விஷமாகிவிடும் என்று கைக்குழந்தையை அன்றே பிரித்துவிடுவது தவறு. பால் விஷமாவதில்லை. குறைப்பிரசவம் போன்ற ஆபத்து இல்லாத பெரும்பாலான தாய்மார்கள் தொடர்ந்து கொடுக்கலாம். டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். என் வீட்டுக்கு வந்த பெண் அப்படித்தான் கொடுத்தாள். இரண்டு பிள்ளைகளும் நலம். ஆனால் அந்த இரண்டு வருடம் இரத்தசோகையோடு அவள் பட்ட பாடு வேண்டாத பாடு.

ஊரிலிருக்கும் அம்மாக்களுக்கும், இங்கே இருக்கும் மாமியார்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். அந்தப் பழைய வாக்கியத்தை விட்டுவிட வேண்டாம். முழுதாகச் சொல்லுங்கள்: "தலைக்குக் குளிக்காம, வேற எதுவும் கொடுக்காம, ராத்திரியும் பகலும் பால் கொடுத்தா, ஆறு மாசம் வரைக்கும் பயமில்லைடி. அதுல ஒண்ணு மாறினாலும் அன்னிக்கே டாக்டரைப் பாரு." கொஞ்சம் நீளம்தான். மாப்பிள்ளையும் பக்கத்தில் இருந்து கேட்டால் இன்னும் நல்லது.